பாய்காட் என்னும் சொல் வந்த வழி

ஒருவரோடு அல்லது ஒரு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல், வேலை, பேச்சு எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று பலர் கூடி முடிவெடுத்து விலகி நிற்பதற்குப் பாய்காட் என்று பெயர். எதிராளியைப் பணிய வைப்பது அல்லது தண்டிப்பது அதன் நோக்கம். பிடிக்காத கடைக்கு ஒருவர் மட்டும் போகாமல் இருந்தால் அது பாய்காட் ஆகாது. கூட்டு முடிவும், வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணமும் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் இந்தச் சொல் 1880-க்கு முன் வெறும் குடும்பப் பெயராக இருந்தது. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ கவுண்டியில், ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்த ஆங்கிலேயரின் பெயர் அது.

பெயர்தான் புதிது, வழக்கம் மிகப் பழையது. ஸ்டாம்பு வரிச் சட்டம் வந்த 1765-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குடியேற்றங்களின் வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்குகளை இறக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1791-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை இங்கிலாந்தின் ஏராளமான குடும்பங்கள் வீட்டுக்குள் விடவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கட்டுப்பாட்டை மீறியவரை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதும், அந்த வீட்டாரோடு அன்னம் தண்ணீர் புழங்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்வதும் யாருக்கும் புதிதல்ல. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் எல்லோரும் எளிதாகச் சொல்லக்கூடிய ஒரே சொல் அதுவரை அமையவில்லை.

அயர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய பாதி சில நூறு குடும்பங்களின் கையில் இருந்தது. உழுதவர்கள் ஆண்டுக்காண்டு குத்தகை கட்டிய எளிய குடிகள். குத்தகை பாக்கி நின்றால் நிலத்தோடு வீடும் போய்விடும். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதில் கடுமையாக அடிபட்ட இடங்களில் மேயோவும் ஒன்று. அந்த நினைவு ஆறாத மண்ணில் 1879-இல் மீண்டும் மழை மிஞ்சிக் கிழங்கு அழுகியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று மேயோவின் காஸில்பார் நகரில் ஐரிஷ் தேசிய நிலச் சங்கம் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பிய மைக்கேல் டேவிட், சிறுவயதில் மேயோவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை. இங்கிலாந்தில் பஞ்சாலை வேலையில் ஒரு கையை இழந்தவர். தலைவராக வந்த சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், தாமே நிலக்கிழாராக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரில் பார்னெல் பேசிய பேச்சில்தான் இந்த ஆயுதம் கூர்மைப்பட்டது. அண்டை வீட்டுக்காரன் வெளியேற்றப்பட்டுக் காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது என்று அவர் கூட்டத்தைக் கேட்டார். சுட்டுக் கொல்ல வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி உண்டு என்றார் அவர். சாலையில் கண்டால் ஒதுங்குங்கள், கடையில், சந்தையில், கோவிலில்கூட அவனோடு முகம் கொடுக்காதீர்கள், முற்றிலும் தனியனாக்கிவிடுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். அதுவரை இரவில் கொட்டகைக்குத் தீ வைப்பதும் மாட்டை வெட்டுவதும் ஏழைக் குடிகளின் பழிவாங்கலாக இருந்தன. அவற்றின் இடத்தில், பட்டப்பகலில் யாரையும் தொடாமல் செய்யும் ஒன்றை அந்தப் பேச்சு வைத்தது. பார்னெல் குறிவைத்தவன் நிலம் பறிக்கும் சக குடியானவன். சில நாட்களிலேயே அது காரியஸ்தர் ஒருவர் மேல் பாய்ந்தது.

சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சில ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு விலகி, மேயோவின் அகில் தீவில் நெடுங்காலம் பண்ணை நடத்தினார். ஊரார் அவரைக் கேப்டன் என்று அழைத்தார்கள். 1870-களின் நடுவில் பாலின்ரோப் ஊருக்கு அருகே, மாஸ்க் ஏரிக்கரையில் இருந்த வீட்டையும் நிலத்தையும் எர்ன் பிரபுவிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, பிரபுவின் சுமார் 1,500 ஏக்கரையும் கவனிக்கும் காரியஸ்தர் ஆனார். வேலிக் கதவைத் திறந்து போட்டாலும் கோழி எல்லை தாண்டினாலும் அபராதம் போடுகிறார் என்பது குடிகளின் புகார். விளைச்சல் கெட்ட 1880-இல் பிரபு குத்தகையில் பத்து சதவீதம் தள்ளுபடி தந்தார். குடிகள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மறுத்தார். பதினொரு குடும்பங்களை வெளியேற்றப் பாய்காட் நீதிமன்ற நோட்டீஸ் வாங்கினார்.

1880 செப்டம்பர் 22 அன்று அமீனா ஒருவர் போலீஸ் காவலோடு நோட்டீஸ்களைக் கொண்டுபோனார். மூன்று வீடுகளில் கொடுத்து முடித்தார். அடுத்த வீட்டில் இருந்த பெண் வாங்க மறுத்துச் செங்கொடியை அசைத்ததும், அக்கம்பக்கத்துப் பெண்கள் திரண்டு சேற்றையும் சாணத்தையும் அமீனா மீதும் போலீசார் மீதும் வாரி எறிந்தார்கள். அவர்கள் பாய்காட்டின் வீட்டுக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தார்கள். இந்த வரலாற்றில் தலைவர்களின் பெயர்களே பெரிதாக நிற்கின்றன. ஆனால் நோட்டீஸை உண்மையில் தடுத்து நிறுத்தியவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

மறுநாள் ஊர் மக்கள் பண்ணைக்குச் சென்று வேலையாட்களை வெளியேறச் சொன்னார்கள். வண்டிக்காரர், பண்ணையாள், சமையலாள் எல்லோரும் போனார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார். சலவைக்காரப் பெண் துணியை எடுக்கவில்லை. தபால் கொண்டுவந்த பையன் நின்றுவிட்டான். பாலின்ரோப் கடைக்காரர்கள் ரொட்டிகூட விற்கவில்லை. சாமான்களைத் தொலைவிலிருந்து ஏரி வழியே படகில் தருவிக்க வேண்டியதாயிற்று. மாட்டைக் கறப்பது, குதிரைக்குத் தீனி வைப்பது எல்லாம் பாய்காட்டும் அவர் மனைவியும் வீட்டில் இருந்த உறவுப் பிள்ளைகளும் செய்தார்கள். வயலில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் தீவனக் கிழங்கும் அப்படியே கிடந்தன. எல்லோரும் மனமுவந்து விலகினார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் ஊரோடு ஒத்துப்போனார்கள். சிலர் மிரட்டலுக்கு அஞ்சினார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்பதில் இந்த இரண்டும் எப்போதும் கலந்தே இருக்கும்.

பாய்காட் தம் நிலையை விவரித்து லண்டன் டைம்ஸ் இதழுக்கு அக்டோபரில் ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகு ஒரு பண்ணைத் தகராறு முழு பிரிட்டனின் விவகாரமாயிற்று. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசமான புராட்டஸ்டன்ட்கள் நிதி திரட்டி, அறுவடைக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார்கள். நூற்றுக்கணக்கில் போனால் கலவரம் வெடிக்கும் என்று அஞ்சிய அரசு 50 பேரை மட்டும் அனுமதித்தது. கேவன், மொனாஹன் கவுண்டிகளிலிருந்து வந்த, ஆரஞ்சு சங்கம் என்னும் புராட்டஸ்டன்ட் அமைப்பைச் சேர்ந்த அவர்கள் நவம்பர் 12 அன்று மாஸ்க் ஏரிக்கரையை அடைந்தார்கள். அவர்களைக் காக்கக் குதிரைப்படையும் காலாட்படையும் போலீசுமாகச் சுமார் ஆயிரம் பேர் குவிக்கப்பட்டார்கள்.

ஊரார் ஒரு கல்லைக்கூட எறியவில்லை. நிலச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவரும் நீல் கிராமத்துப் பங்குத் தந்தையுமான ஜான் ஓ'மாலி, யாரும் கை ஓங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். சண்டைக்கு ஆயத்தமாக வந்த படை, ஈரத்திலும் குளிரிலும் கூடாரம் அடித்து இரண்டு வாரம் கிழங்கு தோண்டுவதற்குக் காவல் நின்றது. விளைச்சலின் மதிப்பு சில நூறு பவுன். அதை எடுக்க ஆன செலவு சுமார் 10,000 பவுன் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் விழுந்தது என்று பார்னெல் சொன்னார். நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பம் வெளியேறியபோது வண்டி ஓட்ட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் ரயிலடிக்குப் போனார்கள். டப்ளினில் தங்கிய ஓட்டலின் முதலாளிக்கும் மிரட்டல் கடிதம் வரவே, டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

சொல் பிறந்த விதத்தை, மேயோவில் தங்கி எழுதிவந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்திருக்கிறார். ஓ'மாலி பாதிரியாரோடு உணவருந்தும்போது, நிலம் பறிப்பவனையும் காரியஸ்தரையும் மக்கள் ஒதுக்கிவைப்பதற்கு என்ன பெயர் சொல்லலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது என்றார் பாதிரியார். சிறிது யோசித்துவிட்டு, பாய்காட் செய்வது என்றே சொன்னால் என்ன என்று கேட்டார். ரெட்பாத் அதைத் தம் கட்டுரைகளில் எழுதினார். நவம்பரில் அது டைம்ஸ் இதழில் வினைச்சொல்லாகவே வந்துவிட்டது. ஒருசில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகள் அதைச் சிறு மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டன. பெயருக்கு உரியவர் பிற்பாடு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வேறொரு எஸ்டேட்டின் காரியஸ்தராகி, 1897-இல் இறந்தார்.

அயர்லாந்தில் இந்த முறை பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. 1881-இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த நிலச் சட்டம், நியாயமான குத்தகையை நிர்ணயிக்க நீதிமன்றம் அமைத்தது. குத்தகை கட்டும்வரை வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பும் தந்தது. அதே அரசு அடக்குமுறைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. பிற்பாடு வந்த 1887-ஆம் ஆண்டுச் சட்டம் பாய்காட் செய்வோரைத் தண்டிக்க வழி வகுத்தது. 1888-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ரோமத் தலைமையே பாய்காட் முறையைக் கண்டித்து ஆணை பிறப்பித்தது. அயர்லாந்தின் கத்தோலிக்க மக்கள் பலர் அந்த ஆணையைப் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல்லைத் தொழிற்சங்கங்கள் எடுத்துக்கொண்டன. அங்குதான் வேலைநிறுத்தத்துக்கும் பாய்காட்டுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்தில் தெளிவாகியது. தொழிலாளி தன் உழைப்பை நிறுத்தினால் அது வேலைநிறுத்தம். அந்த முதலாளியின் சரக்கை வாங்காதீர்கள் என்று ஊரை அழைத்தால் பாய்காட். அந்தச் சரக்கை விற்கும் மூன்றாவது ஆளையும் புறக்கணித்தால் அது இரண்டாம் நிலைப் பாய்காட். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் லோவி என்ற தொப்பி உற்பத்தியாளர்மீது 1902-இல் தொப்பித் தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய பாய்காட்டை நடத்தியது. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோக நிறுவனங்களை அடக்க இயற்றப்பட்ட சட்டம் தொழிற்சங்கத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நட்டஈட்டுக்காகச் சாதாரணத் தொழிலாளர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் ஜப்திக்கு உள்ளாயின. இரண்டாம் நிலைப் பாய்காட்டை 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்தது.

நாடுகளுக்கு இடையிலும் சொல் பரவியது. சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து 1905-இல் சீன வணிகர்கள் அமெரிக்கச் சரக்குகளைப் புறக்கணித்தார்கள். 1908-இல் போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட சிவப்புக் குல்லாய்களைத் துருக்கியர் கழற்றி எறிந்தார்கள். ஒரு நாட்டு அரசே வணிகத்தைத் தடுத்தால் அதற்கு வணிகத் தடை, பொருளாதாரத் தடை என்ற பெயர்கள் உண்டு. மக்களாக முன்வந்து செய்வதையே பாய்காட் என்பது மரபு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கையும் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கையும் அரசுகள் புறக்கணித்தபோது அந்த எல்லை மங்கிவிட்டது.

இந்தியாவில் இந்தச் சொல் வங்கப் பிரிவினையோடு வந்து சேர்ந்தது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன்ஹால் கூட்டம் பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. சுதேசி என்ற கொள்கையைக் காங்கிரஸ் மிதவாதிகள் மனமார ஏற்றார்கள். பாய்காட் என்றதும் தயங்கினார்கள். அந்த ஆண்டு காசி காங்கிரசின் தலைவராக இருந்த கோகலே, பிறருக்குத் தீங்கு செய்யும் பழியுணர்ச்சி அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று எச்சரித்தார். சொல் பிறந்து 25 ஆண்டுகள் ஆகியும் மேயோவின் நிழல் அதைவிட்டு நீங்கவில்லை. மிதவாதிகளின் தயக்கத்தைத் தாண்டி இயக்கம் பரவியது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றபோது, எதிர்த்தரப்பினருக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள். பாலின்ரோப் கொல்லர் செய்த அதே வேலை அது.

தமிழ் இதழ்கள் இதைப் பகிஷ்காரம் என்று எழுதின. 1928-இல் சைமன் கமிஷன் வந்தபோதும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்தில் அது இன்னும் ஆழமாக வேரூன்றியது. இலங்கையின் டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. அந்த இடங்கள் 1934 வரை காலியாகவே இருந்தன. தொகுதிகளின் குரல் சபையில் இல்லாமல் போனதால் யாருக்கு நன்மை என்ற விவாதம் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் நடந்தது.

இன்று இலங்கைத் தமிழ் ஏடுகளில் பணிப்பகிஷ்கரிப்பு என்றால் வேலைநிறுத்தம். தமிழ்நாட்டில் பகிஷ்காரம் வழக்கொழிந்து, புறக்கணிப்பு நிலைத்துவிட்டது: தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, வெளிநாட்டுக் குளிர்பானப் புறக்கணிப்பு. பேச்சில் பாய்காட்டும் உண்டு. வழக்கறிஞர்கள் இன்றைக்குக் கோர்ட் பாய்காட் என்றே சொல்வார்கள். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ பாய்காட்டுக்கு அழைக்கவோ உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஹரீஷ் உப்பல் வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரிய பகுதி, அதே ஆயுதம் திசை மாறிய இடம். மேயோவில் நிலமற்றவர்கள் நிலக்கிழாரின் ஆளைத் தனிமைப்படுத்தினார்கள். 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் கடை வாசல்களில் சீருடைப் படையை நிறுத்தி, யாரும் உள்ளே போகாதபடி மறித்தார்கள். அதற்கும் பாய்காட் என்றே பெயர். அலபாமாவின் மான்ட்கமரியில் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் நகரப் பேருந்துகளில் ஏறாமல் நடந்தும் கார்களைப் பகிர்ந்தும் போனார்கள். அதை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங், வெள்ளையர் கவுன்சில்கள் கறுப்பினத்தவரைப் பட்டினி போடக் கையாளும் அதே முறையா இது என்று தொடக்கத்தில் தம்மைக் கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். தீமைக்கு ஒத்துழைக்க மறுப்பதே தாங்கள் செய்வது என்று தெளிந்த பிறகுதான் அவர் மனம் அமைதியடைந்தது. செய்யும் செயல் ஒன்றாகவே இருந்தாலும், யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது நியாயமாகவும் கொடுமையாகவும் மாறுகிறது.

இந்தியாவில் அந்தக் கொடுமையை அன்றாடம் அனுபவித்தவர்கள் தலித் மக்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றம் 1924-இல் ஏற்றது. ஆனால் காகிதத்தில் இருந்த உரிமையை யாராவது தெருவில் எடுத்துக்கொண்டால், வேலை கொடுக்கும் நிலக்காரர் முதல் உப்பு விற்கும் கடைக்காரர் வரை அந்தச் சேரியையே ஒதுக்கிவிட முடிந்தது. நிலமும் கடையும் கிணறும் ஒரே சாதியின் கையில் இருந்த ஊரில் அது பட்டினித் தண்டனை. பம்பாய் மாகாண அரசு ஸ்டார்ட் என்ற அதிகாரியின் தலைமையில் அமைத்த குழு 1930-இல் இதே நிலையை விரிவாக எழுதியது. ஒத்துழையாமையைப் போதித்த காந்தியும், தண்ணீரையும் மருத்துவத்தையும் மறுக்கும் சமூகப் பகிஷ்காரம் மனிதத்தன்மை அற்றது என்று யங் இந்தியா இதழில் கண்டித்தார்.

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து அளித்த மனுவில், பாய்காட்டைக் குற்றமாக்க வேண்டும் என்ற கோரிக்கை முக்கிய இடம் பெற்றது. அதற்கான சட்ட வாசகத்தை அவர்கள் பர்மாவின் 1922-ஆம் ஆண்டுப் பாய்காட் தடைச் சட்டத்திலிருந்து சிறு மாற்றங்களோடு எடுத்தார்கள். வீடோ நிலமோ வாடகைக்கு விட மறுப்பது, கூலி வேலை தர மறுப்பது, வணிகம் செய்ய மறுப்பது, வழக்கமான சேவையைச் செய்யவோ பெறவோ மறுப்பது, வழக்கமான சமூக உறவைத் துண்டிப்பது, சட்டப்படியான உரிமையைப் பயன்படுத்தவிடாமல் தொல்லை கொடுப்பது ஆகிய யாவும் அதில் பாய்காட் என்று வரையறுக்கப்பட்டிருந்தன.

அந்தக் கோரிக்கை தேசிய அளவில் முதலில் 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் இடம்பெற்றது. மகாராஷ்டிர அரசு சாதிப் பஞ்சாயத்துகளின் ஊர்விலக்கைத் தடுக்க 2016-இல் தனிச் சட்டம் நிறைவேற்றி, 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு இரண்டையும் வரையறுத்துக் குற்றமாக்கியிருந்தது. வேலை தர மறுப்பது, வணிகம் செய்ய மறுப்பது, வழக்கமான சேவையை மறுப்பது என்று 1930-இன் மனுவில் இருந்த கூறுகள் பல அந்த வரையறையில் இடம்பெற்றுள்ளன. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ அவ்வாறு ஒதுக்கினாலும், ஒதுக்குவதாக மிரட்டினாலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.